இங்கிலாந்து ஸ்பீடு கேமராக்கள்: எது எதை அளக்கிறது?

கேள்வி | ரெடிங்வாசி

வணக்கம். ஒரு வருடம் ஊர் லைசன்ஸில் ஓட்டிவிட்டு இப்போதுதான் இங்கே டெஸ்ட் பாஸ் செய்திருக்கிறேன். வேலை விஷயமாக ரெடிங்கிலிருந்து லெஸ்டருக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் எம்25, எம்1 மோட்டார்வே வழியாக. வழியில் நாலு விதமான கேமராவைப் பார்க்கிறேன். ஊருக்குள் ஓரமாக நிற்கும் மஞ்சள் பெட்டி, மோட்டார்வேயில் வேக எண் காட்டும் பலகைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று, ரோடு வேலை நடக்கும் இடங்களில் உயரமான கம்பங்களில் வரிசையாக, அப்புறம் பாலத்து மேல் நிறுத்தி வைத்திருக்கும் வேன்.

கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஃபிளாஷ் அடிக்காவிட்டால் மாட்டவில்லை என்கிறார் ஒருவர், லேன் மாறினால் கணக்கு விட்டுப்போகும் என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டையும் நம்பத் தோன்றவில்லை. பாஸான முதல் இரண்டு வருடத்துக்குள் லைசன்ஸில் 6 பெனால்டி பாயின்ட் சேர்ந்தால் லைசன்ஸே ரத்து, அதாவது தடவைக்கு 3 பாயின்ட் என்று இரண்டு தடவை மாட்டினால் முடிந்தது. இவை உண்மையில் வேகத்தை எப்படிக் கணக்கிடுகின்றன? முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா? என் ஸ்பீடோமீட்டர் 70 காட்டும்போது கூகுள் மேப் 67 என்கிறது, கேமரா எதைப் பார்க்கும்?

பதில் 1 | அளவுகோல்

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் காருக்குள் என்ன காட்டுகிறது என்பது கேமராவுக்குத் தெரியாது, அது கார் உண்மையில் போகும் வேகத்தை அளக்கிறது. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது விதி, அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே வைத்து அனுப்புகின்றன. நேரான ரோட்டில் சீராகப் போகும்போது மேப் சொல்லும் 67தான் உண்மைக்குப் பக்கம். அந்த 3 மைலை எனக்குக் கிடைத்த சலுகை என்று எடுத்துக்கொண்டு மிதிக்காதீர்கள், டயர் மாற்றினால்கூட அந்த வித்தியாசம் மாறும்.

இப்போது மஞ்சள் பெட்டி. இதில் பழையது காட்சோ. மாரிஸ் காட்சோனிடஸ் என்ற டச்சுக்காரர், 1953இல் மாண்டி கார்லோ கார் ராலியை வென்றவர், வளைவுகளில் தான் இன்னும் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று பார்ப்பதற்காகச் செய்த கருவியிலிருந்து வந்தது இது. பிரிட்டனில் முதல் பெட்டியை 1992இல் லண்டன் ட்விக்கனம் பாலத்துப் பக்கம் வைத்தார்கள். கார் தாண்டிப் போன பிறகு பின்பக்கத்தைத்தான் படம் எடுக்கும், ஏனென்றால் அதன் ஃபிளாஷ் பலமானது, முன்னால் அடித்தால் ஓட்டுபவர் கண் கூசிப்போகும். உள்ளே ரேடார் இருக்கிறது. அனுப்பிய அலை ஓடும் காரில் பட்டுத் திரும்பும்போது அதன் அலைவெண் கொஞ்சம் மாறியிருக்கும். 24 கிகாஹெர்ட்ஸ் அலையில் 30 மைல் வேகக் காருக்கு அந்த வித்தியாசம் சுமார் 2,100 ஹெர்ட்ஸ், அதை வைத்து வேகம் கணக்காகிறது.

ஆனால் ரேடார் சொன்னதோடு வழக்கு முடிவதில்லை, எனக்கு இதில் பிடித்த விஷயமே இதுதான். பெட்டிக்கு அப்பால் ரோட்டில் ஏணிப்படி மாதிரி வெள்ளைக் கோடுகள் பார்த்திருப்பீர்கள். ஊருக்குள் சாதாரணமாக 5 அடிக்கு ஒன்று. கேமரா அரை வினாடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும். 30 மைல் வேகத்தில் அரை வினாடிக்கு 22 அடி, அதாவது நாலு கோட்டுக்குச் சற்று மேல். 40 மைல் என்றால் கிட்டத்தட்ட ஆறு கோடு. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துச் சக்கரம் எத்தனை கோடு நகர்ந்திருக்கிறது என்று எண்ணினால் ரேடார் சொன்னது சரியா என்று தெரிந்துவிடும். பக்கத்து லாரியில் பட்டுத் திரும்பிய அலையை உங்கள் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது.

இன்னொரு பெட்டி ட்ரூவேலோ, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அது முன்பக்கத்தை எடுக்கும், ஓட்டுபவர் முகமும் தெரியும். ரோட்டில் பதித்த அழுத்த உணரிப் பட்டைகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சக்கரம் வர எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு, ரேடார் கிடையாது. ஃபிளாஷ் மேல் வடிகட்டி இருப்பதால் மங்கலான சிவப்பாக மின்னும், பகலில் கவனிக்காமலே போய்விடலாம். ஆக, ஃபிளாஷ் தெரியவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பதில் 2 | ஈஸ்ற்ஹாம் வான்காரன்

தம்பி, நான் டெலிவரி வான் ஓடுகிறவன், அந்த உயரமான கம்பங்களைப் பற்றி நான் சொல்கிறேன். அவை சராசரி வேகம் பார்க்கிற கமராக்கள். ரேடாரும் இல்லை, ஃபிளாஷும் இல்லை. இன்பிராரெட் வெளிச்சத்தில் இரவிலும் நம்பர் பிளேட்டை வாசித்து, நீங்கள் முதல் கம்பத்தைக் கடந்த நேரத்தையும் அடுத்ததைக் கடந்த நேரத்தையும் பதிந்துகொள்ளும். மிச்சமெல்லாம் பள்ளிக்கூடக் கணக்குத்தான். இரண்டு கம்பத்துக்கும் நடுவில் 2 மைல், லிமிட் 50 என்று வையுங்கள். 2 நிமிடம் 24 செக்கன் எடுக்க வேண்டும். முதல் மைலை 60இல் ஓடினால், அடுத்த மைல் முழுக்க 43க்கும் கீழே ஊர்ந்தால்தான் கணக்குச் சரிவரும். கம்பத்தடியில் மட்டும் பிரேக் போட்டு ஒரு பயனும் இல்லை. லேன் மாறினால் தப்பலாம் என்பது பழைய கதை, இப்போது எல்லா லேன் கமராக்களும் ஒன்றோடொன்று இணைந்தவை.

எனக்கு இந்த முறைதான் நியாயமானது என்று படுகிறது. மஞ்சள் பெட்டியைக் கண்டவுடன் சடாரென்று பிரேக் போடுவார்கள், பின்னால் பாரத்தோடு வருகிற எனக்கு நெஞ்சு நின்றுபோகும். சராசரிக் கமரா உள்ள இடத்தில் அந்தக் கூத்து இல்லை, எல்லோரும் ஒரே சீராகப் போவார்கள். ரோட்டு வேலை செய்கிறவர்கள் கூம்புக்கு அந்தப் பக்கம் ஓர் எட்டுத் தூரத்தில்தான் நிற்கிறார்கள், அந்த 50 அவர்களுடைய உயிருக்காக வைத்தது.

ரெடிங்வாசி

நன்றி அண்ணா, லேன் விஷயம் தெளிவாகிவிட்டது. மோட்டார்வே பலகைப் பக்கம் இருப்பதும் இந்த மாதிரிதானா? பலகையில் எண்ணே இல்லாதபோதும் வேலை செய்யுமா? அந்த வேன் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

பதில் 3 | அளவுகோல்

இல்லை, அது வேறு. ஸ்மார்ட் மோட்டார்வேயில், அதாவது நெரிசலுக்கு ஏற்ப வேக எல்லையைப் பலகையில் மாற்றிக் காட்டும் ரோட்டில், இருப்பது ஹேடெக்ஸ் 3 என்ற கேமரா, ரேடார் வகை, பின்பக்கத்தைப் படமெடுப்பது. பலகையோடு இணைந்திருப்பதால் அங்கே 60 வந்தால் இதற்கும் 60தான் எல்லை. சிவப்பு வளையத்துக்குள் இருக்கும் எண் ஆலோசனை இல்லை, சட்டம். பலகை வெறுமையாக இருந்தால் 70, அதையும் பிடிக்கும். முதலில் சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தன, பிறகு மஞ்சள் அடித்தார்கள், நல்லதுதான்.

பாலத்து வேனில் இருப்பது லேசர். கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளைக் குறிப்பிட்ட ஒரு வண்டி மேல் அடித்து, திரும்பி வர எவ்வளவு நேரம் என்று பார்க்கிறார்கள். 300 மீட்டரில் இருக்கும் காருக்குப் போய்வர 2 மைக்ரோவினாடி. அடுத்தடுத்த துடிப்புகளில் அந்த நேரம் எப்படிக் குறைகிறது அல்லது கூடுகிறது என்பதிலிருந்து அரை வினாடிக்குள் வேகம் கிடைத்துவிடும். வருகிற வண்டி, போகிற வண்டி இரண்டையும் பார்க்கலாம். வேன் உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அளந்து முடித்திருப்பார்கள்.

பதில் 4 | குரோய்டன் அக்கா

கருவி எல்லாம் விளக்கியாகிவிட்டது, பேப்பர் விஷயத்தில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் சிக்குகிறார்கள். கேமராவில் மாட்டினால் நோட்டீஸ் 14 நாளுக்குள் பதிவில் இருக்கும் உரிமையாளருக்கு வர வேண்டும். கம்பெனி கார், லீஸ் கார் என்றால் முதலில் அவர்களுக்குப் போகும், அப்புறம்தான் உங்களுக்கு, அதனால் உங்கள் கைக்கு 14 நாள் தாண்டி வந்தாலும் செல்லும். ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால் அது தனிக் குற்றம், 6 பாயின்ட். வேகத்துக்குச் சாதாரணமாக 100 பவுண்டும் 3 பாயின்ட்டும்தான், ஆனால் பதில் போடாததற்குப் பாயின்ட் இரண்டு மடங்கு, உங்களைப் போலப் புதிதாகப் பாஸானவருக்கு அது ஒன்றே லைசன்ஸைப் பறித்துவிடும்.

30 லிமிட்டில் 35 வரை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று சொல்வார்கள். பத்து சதவீதமும் 2 மைலும் கூட்டுவது போலீஸுக்கான வழிகாட்டல் மட்டுமே, 31இலும் நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கொஞ்சம் மட்டும் மீறியிருந்தால் பெரும்பாலும் பாயின்ட்டுக்குப் பதிலாக வேகம் பற்றிய விழிப்புணர்வு வகுப்புக்குக் கூப்பிடுவார்கள், மூன்று வருடத்துக்குள் ஒரு தடவைதான். கிடைத்தால் போய்விடுங்கள்.

வீடு மாறியிருந்தால் இன்றே காரின் லாக்புக்கில், அதாவது பதிவுப் பத்திரத்தில், முகவரியை மாற்றுங்கள், லைசன்ஸில் மாற்றினால் அது தானாக மாறாது. இரண்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம், காசு கிடையாது.