தலையில் அடி, ஜிசிஎஸ் 7 என்றால் பிழைப்பானா?

நேற்று ராத்திரி தக்கலை பக்கம் பைக் விபத்து, சித்தப்பா மகனுக்குத் தலையில் பலத்த அடி. டியூட்டி டாக்டர் 'ஜிசிஎஸ் 7, இப்போது எதுவும் சொல்ல முடியாது' என்றார். சித்தி ரத்தம் பட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறார். என்ன சொல்வது?

பதில் 1:
தம்பி, நான் கேஷுவால்டி நர்ஸ். ஜிசிஎஸ் என்பது நினைவு எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்த்துப் போடும் மார்க். அதிகபட்சம் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15, குறைந்தது 3. 8-ம் அதற்குக் கீழேயும் கடுமையான காயம்தான், ஆனால் அது அந்த நிமிஷத்துக் கணக்கு, குடித்திருந்தாலோ மயக்க மருந்து கொடுத்திருந்தாலோ எண் இறங்கித் தெரியும். அசைவுக்கு எவ்வளவு என்று கேளுங்கள், வலி கொடுத்தால் கையைக் கொண்டுவந்து தட்டிவிடுகிறான் என்றால் அது 5, நல்ல அறிகுறி. கண்மணி இரண்டும் வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்றும் கேளுங்கள்.

பதில் 2:
விபத்து என்றால் தலை மட்டுமல்ல, உடம்புக்குள் ரத்தம் போகிறதா என்று அறிய நாடித்துடிப்பை மேல் பிரஷரால் வகுத்தும் பார்ப்பார்கள். உதாரணமாக துடிப்பு 120, பிரஷர் 100 என்றால் 1.2, 1-ஐத் தாண்டினாலே உள்ளே எங்கோ ரத்தம் போகிறதோ என்று தேட வேண்டும். வயதானவர்கள் சில பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் துடிப்பு ஏறாது, அங்கே இந்தக் கணக்கை நம்பக் கூடாது.

பதில் 3:
செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். இன்னுயிர் காப்போம் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே பணம் கட்டும், உடனே விசாரியுங்கள்.

கேட்டவர்:
கேட்டேன் அக்கா. அசைவுக்கு 5. கண்மணி இரண்டும் சுருங்குகிறதாம். சித்தியிடம் அப்படியே சொன்னேன், இப்போதுதான் ஒரு வாய் சாயா குடித்தார்.