அறுக்காமலே சதை எவ்வளவு தேறும்? அவசர உதவி

குடியாத்தம் குட்டை: வணக்கம். ஆம்பூரில் ஒரு ஹோட்டல்காரர் முள் எடுத்த சதையாகவே கேட்கிறார். நாளைக்குள் விலை சொல்லணும். நீளம், உயரம் அளந்தாலே மீனில் எவ்வளவு சதை தேறும் என்று தெரிகிற மாதிரி சூத்திரம் ஏதாவது இருக்கிறதா? மீன் 30 செ.மீ. இருக்கும். சீக்கிரம் சொல்லுங்க.

ஏரிக்கரை: என்ன மீன் என்றே சொல்லலையே அண்ணா. கட்லாவா, ரோகுவா, ஜிலேபியா?

சத்துவாச்சாரி மீன்கடை: எடை எவ்வளவு? தோலோடு கேட்கிறாரா, உரித்தா? 30 என்பது வால் நுனி வரைக்குமா?

பண்ணை மூத்தவர்: இதே கேள்வி இங்கே ஆயிரம் தடவை வந்தாச்சு. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை. கிராம் எடையை 100 ஆல் பெருக்கி, செ.மீ. நீளத்தின் கனத்தால் (நீளம் × நீளம் × நீளம்) வகுங்கள். எண் கூடினால் சதை கூடும். பள்ளிக்கூடக் கணக்குதான் தம்பி.

ஏரிக்கரை: அது மீன் கொழுத்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும் ஐயா. வயிறு முட்டத் தீவனம் இருந்தாலும், சினை இருந்தாலும் எண் ஏறும். அரைக் கிலோ மீன் வாலோடு 30 என்றால் 1.85 வரும். அதே மீனை வால் துடுப்பை விட்டு அளந்து 24 வந்தால் 3.6! எந்த நீளம் என்று சொல்லாமல் இந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

பண்ணை மூத்தவர்: நான் குஞ்சு விட ஆரம்பித்தபோது நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

மோர்தானா: இதெல்லாம் எதுக்கு? முதுகுத் துடுப்புக்கு முன்னால் ஒரு நூலைச் சுற்றிப் பாருங்க. சுற்றளவுதான் எல்லாம். நான் எதற்கும் அதைத்தான் பார்ப்பேன்.

குடியாத்தம் குட்டை: ஜிலேபி அண்ணா, கிஃப்ட் ரகம். அரைக் கிலோ சுமாருக்கு இருக்கும்.

சத்துவாச்சாரி மீன்கடை: நல்ல வேளை கட்லா இல்லை. கட்லா, ரோகு என்றால் சதைக்குள்ளேயே கவட்டை முள் ஓடும், எடுக்க எடுக்கத் தீராது. போதாக்குறைக்கு கட்லாவில் தலையே பெரிசு, பாதி வீண்.

பாலாற்றுக்காரன்: தலை வீணா? எங்கள் வீட்டில் கட்லாத் தலைக் குழம்புக்கு அடிதடியே நடக்கும். ஜிலேபி சேற்று நாற்றம், அதைப் போய்...

சத்துவாச்சாரி மீன்கடை: நாற்றம் குட்டைத் தண்ணீரில் வருவது, மீன் மேல் பழி போடாதீர்கள். விற்பதற்கு முன் சுத்தமான ஓடும் நீரில் சில நாள் விட்டால் குறையும். தலையைத் தனியாக விற்கலாம், சரி. ஆனால் ஹோட்டல்காரர் தலைக்கா காசு கொடுப்பார்?

பாலாற்றுக்காரன்: குழம்பு வைக்கத் தெரிந்தவர் கொடுப்பார்.

காட்பாடி அளவுகோல்: குழம்புச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். குட்டைக்கார அண்ணா, ஜிலேபியில், அதாவது திலேப்பியாவில், தோல் உரித்த சதை, மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் மீன் விலையின் மூன்று மடங்குக்குக் கீழே பேசவே கூடாது. வெட்டுக்கூலி, ஐஸ் தனி.

அளவு எடுத்தே தீர வேண்டும் என்றால், வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை நீளம் எடுங்கள். வால் கிழிந்த மீனிலும் அது மாறாது. முதுகுத் துடுப்பு ஆரம்பிக்கிற இடத்தில் உயரம், அங்கேயே காலிபர் (இரு பக்கமும் கவ்வி அளக்கும் கருவி) வைத்துத் தடிமன். வயிற்றில் அளந்தால் குடலையும் சேர்த்து அளந்ததாகிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்க: இந்த அளவுகளும் எடையும் இருந்தால் சதை எத்தனை கிராம் என்பதை நன்றாகவே கணிக்கலாம். ஆனால் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது ஒரே அளவு மீன்களிலேயே மீனுக்கொரு மாதிரி வரும். வெட்டுகிறவர் கையும் அதில் சேரும். கத்தி எலும்பை ஒட்டிப் போகாவிட்டால் முள்ளோடு சதையும் குப்பைக்குத்தான். ஒரு நாள் தீவனத்தை நிறுத்திவிட்டு, சின்னது பெரியதாகச் சிலவற்றை எடை போட்டு, வழக்கமாக வெட்டுகிறவரையே அறுக்கச் சொல்லிப் பாருங்கள்.

மோர்தானா: நூலும் சுற்றிப் பாருங்க.

பண்ணை மூத்தவர்: நான் சொன்னதையே சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார்.

குடியாத்தம் குட்டை: அறுத்துப் பார்த்தாச்சு. தோல் உரித்துக் கிலோவுக்கு 320 கிராம். விலை சொல்லிட்டேன், யோசிச்சு சொல்றேன்னார். நன்றி.

ஏரிக்கரை: எல்லாம் ஆண் மீனா, ஆணும் பெண்ணும் கலந்ததா? தீவனம் நிறுத்திய பிறகா எடை போட்டீர்கள்?

அணைக்கட்டு புதுசு: இதே கணக்கு விராலுக்கும் வருமா? அது உருண்டையாச்சே, உயரத்தை எங்கே அளப்பது?