புதுப்பிப்பு: ஹட்டன் மழையில் துணி நேப்பி காயவைப்பது

மே மாதம் மழை பிடித்தபோது இங்கே கேட்டிருந்தேன்: மலையகத்தில் ஹட்டன் பக்கம் பிள்ளைக்குத் துணி நேப்பி பாவிக்கிறோம், கழுவியது காயவே மாட்டேன் என்கிறது, பாவித்து எறியும் பம்பர்ஸுக்கே மாறிவிடவா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, "தைத்த தடிப்பு நேப்பியை விடுங்கள், சதுரத் துணி கட்டுங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான். பல அடுக்காகத் தைத்ததில் மேலே காய்ந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். சதுரத் துணியை விரித்தால் ஒற்றைத் துணி, காற்று பட்டாலே போதும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து ஓரம் தைத்தோம், செலவே இல்லை. இஸ்தோப்பில், அதாவது கூரை உள்ள முன் விறாந்தையில், கொடி கட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் விரித்துப் போடுகிறோம். அடைமழையிலும் மறுநாள் மடித்துவிடலாம்.

விறகடுப்புக்கு மேலே கட்டும் யோசனை சரிவரவில்லை. காய்கிறது, ஆனால் புகை மணம் ஏறிவிடுகிறது. பிள்ளையின் தோலில் படும் துணிக்கு அது வேண்டாம்.

எதிர்பாராதது மூத்திர நாற்றம். நன்றாகக் காய்ந்த துணிகூட நனைந்ததும் குப்பென்று அடித்தது. சவுக்காரம் முழுதாகப் போகும்வரை இன்னொரு தண்ணீரில் அலசி, அவ்வப்போது கொதிநீரிலும் போட்டு எடுக்க, நின்றுவிட்டது. அப்புறம், துணி மிருதுவாக இருக்க ஊற்றும் வாசனைத் திரவம் வேண்டாம். துணி ஈரம் உறிஞ்சுவது குறையும். வெயில் எட்டிப் பார்த்தால் உடனே வெளியே போடுங்கள், மஞ்சள் கறை தானாக வெளுக்கும்.

இரவுக்கும் பஸ் பயணத்துக்கும் மட்டும் இன்னும் பம்பர்ஸ்தான்.