புதுப்பிப்பு: கார்ன் டாக் இப்போது நடுப்பகுதி வரை சூடாகிறது

போன வாரம் எழுதியிருந்தேனே: ஃப்ரீசரிலிருந்து எடுத்த கார்ன் டாகை (குச்சியில் செருகிய சாசேஜைச் சோளமாவுக் கலவையில் தோய்த்துப் பொரித்தது) ஏர் ஃப்ரையரில் 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்ததில் மேல்மாவு கருகி, உள்ளே சாசேஜ் சில்லென்றே இருந்தது. அது சரியாகிவிட்டது.

சூட்டை 370-க்குக் குறைத்தேன் (சுமார் 188 செல்சியஸ்). பத்து நிமிடம், பாதியில் ஒரு தடவை திருப்பிப் போட்டேன். ஒன்றோடொன்று ஒட்டாமல் நாலே நாலு. குச்சி மேலே உள்ள சூட்டுக்கம்பியில் படக்கூடாது, கட்டாயம் பாருங்கள். முன்கூட்டியே உருகவிடவும் வேண்டாம், மாவு நசநசத்துவிடும்.

நிறத்தை நம்பாதீர்கள். தெர்மாமீட்டரை முனை வழியாக, குச்சியில் படாமல், சாசேஜுக்குள் செலுத்திப் பார்த்தேன்: எட்டாவது நிமிடத்தில் 140தான், பத்தில் 168. குறைந்தது 165 (74 செல்சியஸ்) வந்தால்தான் தட்டுக்குப் போகும். முன்பே வெந்த சாசேஜ்தானே என்று சிலர் கேட்டீர்கள். லிஸ்டீரியா கிருமி ஃப்ரீசர் குளிரிலும் பிழைத்திருக்கும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் பெரிய ஆபத்து. என் தங்கைக்கு இது ஏழாம் மாதம். இதில் நான் விட்டுக்கொடுப்பதாயில்லை.

நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, குச்சியை உருவிவிட்டு, நீளவாக்கில் நாலாக வகிர்ந்து, பிறகு பொடியாக நறுக்கிக் கொடுங்கள். வட்டத் துண்டு தொண்டையை அடைத்துவிடும்.