கியூஆர்எஸ்எஸ்ஸுக்குத் தமிழ்ப் பெயர்: மெதுத்தந்தியா, அளபெடைத் தந்தியா?

> ‘மெதுத்தந்தி’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. புதிதாகப் படிப்பவருக்காக: கியூஆர்எஸ்எஸ் என்பது அமெச்சூர் (பொழுதுபோக்கு) வானொலியில் மோர்ஸ் தந்தியின் புள்ளி, கோடுகளை நொடிக்கணக்கில் நீட்டி அனுப்பும் முறை. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன பெயர் என்பதே கேள்வி.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். மோர்ஸ் பழகுகிறவருக்காக வேகத்தைக் குறைத்து அனுப்புவதும் மெதுத்தந்திதான். அதற்கு கியூஆர்எஸ் என்ற குறி முன்பிருந்தே உண்டு. நிமிடத்துக்கு 5 சொல் என்ற தவழும் வேகத்தில்கூட ஒரு புள்ளி கால் நொடிதான் நீளும், காதாலேயே வாசித்துவிடலாம். நாம் பெயர் தேடுவது இன்னோர் எஸ் ஒட்டிக்கொண்ட கியூஆர்எஸ்எஸ்ஸுக்கு. இதில் ஒரு புள்ளி 3 நொடி, 10 நொடி, 60 நொடி என்று போகிறது. காதுக்கு வேலையே இல்லை. கணினித் திரையில் ஊரும் நிறமாலைப் படத்தில் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் வந்தது என்று காட்டும் படம்) கண்ணால் படிக்கிறோம். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் நாளைக்குக் கட்டுரை எழுதுகிறவர் திண்டாடுவார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். இந்த முறை கைகொடுக்கும் 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான நெட்டலைப் பட்டையைப் பாருங்கள்; 2007 உலக வானொலி மாநாட்டில் அமெச்சூர்களுக்குக் கிடைத்தது. அலைநீளம் ஏறத்தாழ 2200 மீட்டர். கால் அலை ஆன்டெனாவே அரைக் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். வீட்டுத் தோட்டத்தில் கட்டும் கம்பி அதற்கு முன்னால் எம்மாத்திரம்! நூற்றுக்கணக்கான வாட் ஊட்டினாலும் பெரும்பங்கு சுருளிலும் மண்ணிலும் சூடாகப் போய், வானில் ஏறுவது 1 வாட்டுக்கும் கீழே. மாநாடு விதித்த உச்சவரம்பும் கதிர்வீச்சுக் கணக்கில் 1 வாட்தான்.

வாங்குகிற பக்கத்திலும் ஆன்டெனாவைப் பெரிதாக்கிப் பயனில்லை. தொலைதூர மின்னல்களின் இரைச்சலும், அக்கம்பக்கத்து சுவிட்சிங் மின்வழங்கிகளின் இரைச்சலும் குறிகையோடு (சிக்னலோடு) சேர்ந்தே பெரிதாகும். வாங்கியின் சொந்த இரைச்சல் இவற்றுக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிறது. அதனால்தான் ஒரு மீட்டர் வளையம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. அதைத் திருப்பி, தொல்லை தரும் திசையை அதன் குருட்டுப் பக்கத்தில் நிறுத்தலாம் என்பது கூடுதல் லாபம்.

ஆக, ஆற்றலையும் கூட்ட முடியாது, ஆன்டெனாவாலும் ஆகாது. நம் கையில் மிஞ்சுவது நேரம். நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 0.1 நொடி, அதைப் பிடிக்க ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸ் அகலமுள்ள அதிர்வெண் சாளரம் வேண்டும். புள்ளியை 60 நொடிக்கு நீட்டினால் அறுபதில் ஒரு ஹெர்ட்ஸ் போதும். சாளரம் 600 மடங்கு குறுகுகிறது, உள்ளே நுழையும் இரைச்சலும் அதே அளவு குறைகிறது, குறிகை மட்டும் அப்படியே நிற்கிறது. டெசிபெல்லில் சொன்னால் 28. இதற்கு விலையும் உண்டு. மோர்ஸ் வேகத்தை அளக்கப் பயன்படும் 'பாரிஸ்' என்ற சொல் 50 புள்ளி நீளம். 12 சொல் வேகத்தில் 5 நொடியில் முடிவது, இங்கே 50 நிமிடம்.

எனவே இங்கே நடப்பது வேகக் குறைப்பு அல்ல, நீட்டல். நீட்டலுக்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. எழுத்து தன் மாத்திரையைக் கடந்து ஒலிப்பது அளபெடை. தொலைவில் இருப்பவரை விளிக்கும்போது பெயர்கள் அளவிறந்து நீளும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபே சொல்கிறது. நெட்டலையில் நாம் செய்வதும் சேய்மை விளிதானே? என் பரிந்துரை: கியூஆர்எஸ்எஸ் – அளபெடைத் தந்தி. புள்ளியின் கால அளவு – மாத்திரை. (மருந்துக்கடை நினைவு வந்தாலும் பரவாயில்லை.)

> ‘நெடும்புள்ளி’ இன்னும் எளிது அல்லவா?

எளிதுதான். ஆனால் நீண்ட புள்ளி என்றதுமே மோர்ஸ் தெரிந்தவர் “அது கோடு அல்லவா” என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே நாம் ஓய்ந்துவிடுவோம்.

> 14 மெகாஹெர்ட்ஸிலும் இதைச் செய்யலாமே, ஏன் நெட்டலையை மட்டும் சொல்கிறீர்கள்?

செய்கிறார்கள், ஆனால் அங்கே 3, 6, 10 நொடி மாத்திரைகளே வழக்கம். சிற்றலையில் அயனி மண்டலத்தின் அசைவு அதிர்வெண்ணைக் கலைத்துவிடுகிறது. புள்ளியை இன்னும் நீட்டினால் திரையில் கோடு கரைந்து போகும். நெட்டலையில் அந்தக் கலைப்பு மிகக் குறைவு. அங்கே நம்மைக் கெடுப்பது அதிர்வெண்ணை உண்டாக்கும் நம் அலையியற்றிதான்: 137 கிலோஹெர்ட்ஸில் 0.01 ஹெர்ட்ஸ் நகராமல் இருக்க வேண்டும் என்றால் கோடியில் ஒரு பங்கு துல்லியம் வேண்டும். சாதாரணப் படிகத்துக்கு அது எட்டாது. ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய அலையியற்றி போன்ற ஒன்று வேண்டும். பெயர் நெட்டலைக்கு மட்டும் என்று நான் சொல்லவில்லை. அது முழு வீச்சில் பொருந்துவது அங்கேதான்.

> விஸ்பரையும் இதில் சேர்க்கலாமா? அதுவும் நலிந்த குறிகைக்குத்தானே.

வேண்டாம். நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட அந்த முறை 110.6 நொடியில், 6 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள், பிழை திருத்தும் குறிமுறையோடு செய்தியை அனுப்புகிறது. அதைக் கண் படிப்பதில்லை, நிரல் அவிழ்க்கிறது. உறவுதான், ஆனால் ஒரே வீடு அல்ல.

> இலக்கணப்படி அளபெடையில் ஓர் எழுத்துதான் நீளும். இங்கே இடைவெளி உட்பட எல்லாமே ஒரே விகிதத்தில் நீள்கிறதே அம்மா?

நியாயமான தடை. ஒப்புமை முழுமையானது அல்ல. கலைச்சொல் பழைய சொல்லின் ஒரு இழையை எடுத்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி. அளவு கடந்த நீட்டம், தொலைவு என்ற இரண்டு இழைகள் இங்கே கிடைக்கின்றன. உங்களுக்கு உறுத்தினால் ‘நீள்மாத்திரைத் தந்தி’ என்பதை மாற்றாக வைக்கலாம். வாயில் நுழைவது முன்னதுதான்.

இரண்டு அதிர்வெண்ணில் அனுப்பும் டிஎஃப்சிடபிள்யூ மீதமிருக்கிறது. அதில் புள்ளியும் கோடும் ஒரே நீளம். கோடு சற்று மேலே, புள்ளி கீழே. நேரம் மிச்சம். ‘இருசுருதித் தந்தி’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள், அப்படியே எடுத்துக்கொள்வோம். திரையில் ஊரும் நிறமாலைப் படத்துக்கு ‘அருவிப்படம்’ என்பது எனக்கு ஒட்டவில்லை: கியூஆர்எஸ்எஸ் படிக்கும் நிரல்கள் பலவற்றில் படம் பக்கவாட்டில்தான் நகர்கிறது. ‘ஓடுபடம்’ போதும்.

பட்டியலில் ஏற்றுகிறவர் கவனிக்க: அளபெடை-60 என்றால் எண் புள்ளியின் நொடியைக் குறிக்கும், கோடு அதில் 180 நொடி. விளக்கக் குறிப்பில் இதையும் எழுதிவிடுங்கள்.