சாம்பல் நிற அந்துப்பூச்சிக்குப் படத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கலாமா?

மாடித்தோட்டம்:
நேற்றிரவு மொட்டைமாடியில் வெள்ளைத் துணி கட்டிப் புறஊதா விளக்கை ஏற்றியபோது வந்தமர்ந்த பூச்சி இது. உடல் நீளம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். சாம்பல் கலந்த பழுப்பு முன்னிறக்கையில் கரும்புள்ளிகள். தலைக்கு முன்னால் மேல்நோக்கி வளைந்த உதட்டுணரிகள், அதாவது வாயருகே நீட்டிக்கொண்டிருக்கும் உணர் உறுப்புகள். ஐந்தடி தள்ளித் தக்காளித் தொட்டிகள் இருக்கின்றன. கைப்பேசிச் செயலியும் தக்காளி ஊசிப்புழுவின் தாய்ப்பூச்சி, அதாவது டூட்டா அப்சலூட்டா, என்றே சொன்னது. உயிரினப் படங்களைப் பகிர்ந்து, பலரும் சேர்ந்து பெயர் கண்டறியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அப்பெயரில் பதிவேற்றினேன். ஒருவர் வந்து, இனப் பெயரை ஏற்காமல் ‘ஜெலிக்கிடே குடும்பம்’ என்ற அளவுக்குப் பின்னுக்கு இழுத்துவிட்டார். இவ்வளவு தெளிவான படத்துக்கு இது தேவைதானா?

விளக்கடி:
பின்னுக்கு இழுத்தவன் நான்தான், ஐயா. படம் தெளிவாகத்தான் இருக்கிறது. பூச்சிதான் தெளிவாக இல்லை. மேல்நோக்கி வளைந்த உதட்டுணரி, 4,500-க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய அந்தக் குடும்பத்துக்கே பொதுவான அடையாளம். உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி சற்றே பெரியதுதான், ஆனால் அதற்கும் இதே நிறம், இதே போன்ற புள்ளிகள். அதுவும் தக்காளியில் வளரும். போதாக்குறைக்கு, விளக்கைச் சுற்றி மோதிய பூச்சியின் இறக்கைச் செதில்கள் உதிர்ந்து, இருக்கும் புள்ளிகளும் மங்கியிருக்கின்றன. செயலியோ நம்மைப் போன்றவர்கள் ஏற்றிய படங்களைப் பார்த்துக் கற்றது. பிழையான பெயரை இன்னொருவரும் ஆமோதித்துவிட்டால் அது நம்பத்தக்க பதிவு என்று தளம் தரும் ‘ஆய்வுத் தரம்’ பெற்று, நாளை அடுத்தவருக்கும் அதே பெயரைச் சொல்லிக்கொடுக்கும். உறுதி வேண்டுமானால் வயிற்றுப் பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளக்கி, இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

மாடித்தோட்டம்:
ஒரு பெயருக்காக உயிரைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த இனத்துக்கு 1917-இல் பெயரிட்ட எட்வர்டு மெய்ரிக்கே உறுப்புகளை ஆராயும் முறையை ஏற்காதவர். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே, இறக்கை நரம்புகளையும் வெளித்தோற்றத்தையும் பார்த்துப் பல்லாயிரம் சிறு அந்துப்பூச்சிகளை விவரித்தார். அவருக்குப் பொருந்தியது நமக்குப் பொருந்தாதா?

விளக்கடி:
அவர் கையில் ஊசி குத்திய பூச்சி இருந்தது. நம் கையில் இருப்பது படம். பின்னிறக்கையின் நரம்பமைப்பை உங்கள் படத்தில் யாராவது காண முடியுமா? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெய்ரிக் இதைத் தோரிமேயா என்ற பேரினத்தில்தான் வைத்தார். பின்வந்தவர்கள் வேறு பேரினங்களுக்கு மாற்றி, 1994-இல் டூட்டாவில் சேர்த்தார்கள். 2021-இல் அது மீண்டும் தோரிமேயாவுக்கே திரும்பிவிட்டது. உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி இருப்பதும் அதே பேரினத்தில்தான். மெய்ரிக்கின் கண் கூர்மையானது என்பதற்கு இதைச் சான்றாக நீங்கள் சொல்லலாம். இரண்டும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு நான் சொல்வேன்.

ஏர்முனை:
இருவரும் செடியை மறந்துவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து 2006-இல் ஸ்பெயினுக்கும் 2014-இல் மகாராஷ்டிரத்துக்கும் வந்து சேர்ந்த பூச்சி இது. நுண்ணோக்கிக்காகக் காத்திருந்தால் புழு காய்க்குள் போய்விடும். தக்காளி வைத்திருக்கும் நான் தாய்ப்பூச்சியைப் பார்த்து முடிவெடுப்பதே இல்லை. இலையில் ஒல்லியான கோடு பாம்புபோல் வளைந்து ஓடினால் பெரும்பாலும் அது ஈயின் வேலை. இலையின் சதையைத் தின்று, அகன்ற திட்டாக வெளிறவைத்திருந்தால் அந்துப்பூச்சியின் புழுவைத் தேட வேண்டும். அதைக் கைவில்லையால் பாருங்கள்: தலையை அடுத்த கண்டத்தின் முதுகுக் கவசம் வெளிறி, பின்விளிம்பில் மட்டும் மெல்லிய கருங்கோடு இருந்தால் ஊசிப்புழு, கவசம் முழுவதும் கருமை படர்ந்திருந்தால் உருளைக்கிழங்குப் புழு. எதையும் கொல்ல வேண்டியதில்லை.

மாடித்தோட்டம்:
இன்று காலை பார்த்தேன். மூன்று இலைகளில் திட்டுகள் இருந்தன. ஒன்றில் மட்டும் புழு கிடைத்தது. பின்விளிம்பில் மெல்லிய கோடுதான் இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். இப்போதாவது என் பெயரை ஏற்பீர்களா?

விளக்கடி:
புழுவைத் தனிப் பதிவாக இடுங்கள். ஊசிப்புழு என்று முதலில் ஆமோதிப்பவன் நானாகவே இருப்பேன். விளக்குக்கு வந்த பூச்சி மட்டும் குடும்பப் பெயரிலேயே இருக்கட்டும். அது உங்கள் தொட்டியிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சான்று இல்லை. பக்கத்து வீட்டு மணத்தக்காளியிலிருந்தும் வந்திருக்கலாம், அந்தச் செடியில் இரண்டு இனங்களுமே வளரும்.

மாடித்தோட்டம்:
ஒரே மாடி, ஒரே வாரம், ஐந்தடித் தொலைவு. இதற்கு மேலும் ஐயப்படுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆகவே பெயரை நான் நீக்கப்போவதில்லை. உங்கள் மறுப்பும் அதன் கீழே இருக்கட்டும். புழுவை இலையோடு டப்பாவில் போட்டு, மெல்லிய துணியால் மூடி வைத்திருக்கிறேன். பூச்சி வெளிவந்ததும், செதில் உதிராத இறக்கையை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்து, நேற்றைய படத்தின் அருகில் வைக்கிறேன்.

ஏர்முனை:
டப்பாவுக்குள் ஈரம் கோக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சிக்குப் பதிலாக, புழுவில் ஒட்டுண்ணியாக வளரும் சிறு குளவி வெளிவந்தால் அதையும் படமெடுங்கள்.