லிதுவேனியர்களுக்கு ஆங்கில ஃப்ரேசல் வெர்ப் சொல்லித்தருவது எப்படி?

பாடக்குறிப்பு (கேள்வி):

வணக்கம். லிதுவேனிய மொழி பேசும் பெரியவர்களுக்கு ஆன்லைனில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன், எல்லோரும் இடைநிலை. இலக்கணம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 'கிவ் அப்', 'புட் ஆஃப்', 'லுக் ஆஃப்டர்' என்று வினையோடு ஒரு சின்னச் சொல் சேரும் ஃப்ரேசல் வெர்ப் வந்தாலே ஒதுங்கிவிடுகிறார்கள். 'போஸ்ட்போன்', 'டாலரேட்' மாதிரி ஒற்றைச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பேசவைத்தால் 'டர்ன் ஆஃப் இட்', 'ஐ வெயிட் யூ', 'ஷீ லிஸன்ஸ் மியூசிக்' என்று வருகிறது. அகரவரிசைப் பட்டியல் கொடுத்தால் அடுத்த வகுப்புக்குள் மறந்துவிடுகிறது. அவர்கள் மொழியிலேயே இதற்கு ஏதாவது பிடிமானம் இருக்கிறதா? இடியம்களை (மரபுத்தொடர்களை) எப்படிச் சேர்ப்பது? லிதுவேனியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்தால் போதும்.

சொல்லேர்:

பிடிமானம் இருக்கிறது, அதுவும் பலமாக. ஆங்கிலம் வினைக்குப் பின்னால் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' என்று ஒட்டுவதை லிதுவேனியம் வினைக்கு முன்னால் ஒட்டுகிறது. பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு அந்த முன்னொட்டிலிருந்து தொடங்குங்கள். (கீழே 'ஜ' வரும் இடத்தில் 'ப்ளெஷர்' என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலியைப் போட்டுப் படியுங்கள்.)

முதல் வகுப்புக்கு 'எய்தி' என்ற வினையை எடுங்கள், பொருள் 'போ'. இஷெய்தி என்றால் வெளியே போ, ஆங்கிலத்தில் 'கோ அவுட்'. பெரெய்தி, 'கோ அக்ராஸ்'. அபெய்தி, 'கோ அரவுண்ட்'. உஜெய்தி என்றால் போகிற வழியில் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போவது, அதாவது 'டிராப் இன்'. இந்த நாலையும் பலகையில் எழுதினாலே வகுப்புக்கு விஷயம் புரிந்துவிடும்.

அடுத்துப் பொருள் மாறும் வினைகளுக்குப் போங்கள். உண்மையான பலன் அங்கேதான். 'தேதி' என்றால் வை (எழுத்தில் நம் தேதி மாதிரியேதான்). முன்னால் 'அதி' சேர்த்து 'அதிதேதி' என்றால் தள்ளிவை. 'புட்' உடன் 'ஆஃப்' சேர்ந்ததும் அதேதான், வேர் உட்பட. 'துவோதி' என்றால் கொடு. அதிதுவோதி, 'கிவ் பேக்'. ரகசியத்தைப் பற்றிச் சொல்லும்போது இஷ்துவோதி, 'கிவ் அவே'. சரணடைவதற்குப் பஸிதுவோதி, 'கிவ் அப்'. 'ஜ்யூரேதி' என்றால் பார். ப்ரிஜ்யூரேதி, 'லுக் ஆஃப்டர்'. பெர்ஜ்யூரேதி, 'லுக் த்ரூ'. கண்ணில் படாமல் விட்டுவிட்டால் ப்ரஜ்யூரேதி, அதற்கு ஆங்கிலம் 'ஓவர்லுக்' என்று முன்னொட்டாகவே வைத்துக்கொள்கிறது. இதைக் காட்டும்போது மாணவர்கள் முகம் மலரும்.

ஒரு வகுப்புக்கு ஒரு வேர், அதில் ஐந்தாறு சொல், அதற்கு மேல் வேண்டாம். 'அப்' என்ற தலைப்பில் இருபது வினைகளைக் கொட்டும் பாடத்திட்டம் இவர்களுக்கு உதவாது, ஏனென்றால் 'அப்' என்பதற்கு நேராக ஒரே முன்னொட்டு அவர்களிடம் இல்லை.

பெரிய பொறி ஒன்று: 'ஈ' என்றால் உள்ளே, 'இஷ்' என்றால் வெளியே. விளக்கைப் போடுவது 'ஈயுங்க்தி', அணைப்பது 'இஷ்யுங்க்தி'. ஆக அவர்கள் மனதில் உள்ளே–வெளியே இருக்கிறது, ஆங்கிலத்தில் 'ஆன்', 'ஆஃப்' இருக்கிறது. 'டர்ன் இன் த லைட்' என்று வருவது இதனால்தான். அது தப்பு என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். 'டர்ன் இன்' என்றால் போய்ப் படுப்பது அல்லது ஒருவரைப் போலீஸில் ஒப்படைப்பது என்று பொருளையும் சொன்னால் மனதில் நிற்கும். 'டர்ன் அவுட் த லைட்' விளக்குக்கு மட்டும் சரி. கம்ப்யூட்டருக்கோ டிவிக்கோ 'ஆஃப்'தான்.

ஒலியன்:

சொல்லேர் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை அவசியம். லிதுவேனிய முன்னொட்டுக்குத் திசையைச் சொல்வது ஒரு வேலை, செயல் முடிந்துவிட்டது என்று காட்டுவது இன்னொரு வேலை. வல்கீதி என்றால் சாப்பிடு, ஸுவல்கீதி என்றால் சாப்பிட்டுவிடு. நம் 'சாப்பிட்டுட்டேன்' என்பதில் வரும் 'விடு' செய்கிற அதே வேலைதான். முன்னொட்டைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் 'அப்', 'அவுட்' மாதிரி ஒரு துண்டைச் சேர்க்கப் பழக்கிவிட்டால், 'ஐ ஏட் அப் பிரேக்ஃபாஸ்ட்' என்று தொடங்கிவிடுவார்கள். 'ஈட் அப்' என்பது தட்டில் மிச்சம் வைக்காமல் காலி செய்வதற்கு. வெறுமனே சாப்பிட்டாயிற்று என்பதற்கு 'ஐ ஹாட் பிரேக்ஃபாஸ்ட்' போதும். முன்னொட்டை எடுத்துவிட்டால் திசையோ பொருளோ மாறுகிறதா என்று முதலில் கேட்க வையுங்கள். மாறினால் ஆங்கிலத்திலும் ஒரு துண்டு தேவைப்பட வாய்ப்பு அதிகம். மாறாமல் 'முடிந்தது' என்ற உணர்வு மட்டும் போனால், ஆங்கிலத்தில் அது காலத்தைக் காட்டும் வினைவடிவத்திலேயே அடங்கிவிடும்.

'ஐ வெயிட் யூ' வேறு வியாதி, ஃப்ரேசல் வெர்ப் பாடத்தோடு கலக்காதீர்கள். லௌக்தி (காத்திரு), இயெஷ்கோதி (தேடு), க்லௌஸீதி (கேள்) மூன்றுமே செயப்படுபொருளை ஆறாம் வேற்றுமையில் எடுப்பவை. 'லௌக்யு தவேஸ்' என்றால் உனக்காகக் காத்திருக்கிறேன். இடையில் தனிச்சொல் எதுவும் கிடையாது, பெயரின் விகுதியே வேலையை முடித்துவிடுகிறது. அதனால் 'ஃபார்', 'டு' இரண்டும் அவர்களுக்கு வேண்டாத சுமையாகத் தெரிகிறது. இந்த மூன்றையும் ஒரு தொகுதியாகக் கொடுங்கள்: வெயிட் ஃபார், லுக் ஃபார், லிஸன் டு. 'ஆறாம் வேற்றுமை வினை என்றால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு முன்னிடைச்சொல் வரும்' என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், வேற்றுமை அவர்களுக்குப் பழகிய விஷயம்.

பாடக்குறிப்பு:

மிக்க நன்றி, இருவருக்கும். ஆறாம் வேற்றுமைக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. 'டர்ன் ஆஃப் இட்' மட்டும் இன்னும் பாக்கி. 'இட்' நடுவில் வரவேண்டும் என்ற விதியைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள், பேச்சில் மறுபடியும் அதேதான்.

ஒலியன்:

அவர்கள் மொழியில் முன்னொட்டும் வினையும் ஒரே சொல். அதைப் பிளந்து நடுவே 'அதை' என்று வைப்பது காதுக்கே ஒவ்வாது. ஆனால் ஒரு விதிவிலக்கு அவர்களிடமே உண்டு. 'தன்னை, தனக்கு' என்ற பொருள்தரும் 'ஸி' என்ற அசை, முன்னொட்டுக்கும் வேருக்கும் நடுவில்தான் போய் உட்காரும். உஜ்ரஷீதி என்றால் எழுதிவை, உஜ்ஸிரஷீதி என்றால் தனக்காகக் குறித்துக்கொள். மேலே வந்த பஸிதுவோதியிலும் அதே 'ஸி'தான். 'சின்னச் சொல் நடுவில் நுழையும்' என்பதை இதைக் காட்டி ஆரம்பியுங்கள்.

பிறகு பயிற்சி. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்', 'டர்ன் இட் ஆஃப்' என்று மூன்றையும் இதே வரிசையில் வேகமாகச் சொல்ல வையுங்கள். அழுத்தம் கடைசி 'ஆஃப்' மேல் விழவேண்டும். நாக்கு அந்தத் தாளத்துக்குப் பழகிவிட்டால் 'டர்ன் ஆஃப் இட்' அதில் பொருந்தாது, தானாகவே இடறும். விதியைவிட இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் லிதுவேனியத்தில் அழுத்தம் சொல்லுக்குச் சொல் இடம் மாறும், அதைக் கவனிக்க அவர்கள் காது தயாராக இருக்கிறது. பெயர்ச்சொல் நீளமாக இருந்தால் அதைக் கடைசியில் தள்ளவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'லுக் ஆஃப்டர் ஹெர்' பிளக்காது. 'புட் அப் வித்', 'ரன் அவுட் ஆஃப்' போன்ற மூன்று துண்டு வகையும் அப்படித்தான். 'லுக் ஃபார்வர்ட் டு' மட்டும் தனியாகக் கவனியுங்கள்: அந்த 'டு'வைப் பார்த்து 'டு மீட்' என்று போவார்கள், வேண்டியது 'டு மீட்டிங்'. 'கிவ் அப்' விஷயத்திலும் இதே தொல்லை வரும். புகைப்பதை நிறுத்துவதற்கு லிதுவேனியத்தில் 'மெஸ்தி ரூகீதி', அதாவது 'எறி' என்ற வினையோடு வெறும் வினையடி. அதனால் 'கிவ் அப் டு ஸ்மோக்' என்று வரும். 'கிவ் அப் ஸ்மோக்கிங்' என்று சேர்த்தே மனப்பாடம் செய்ய வையுங்கள்.

மரபுக்கிளை:

இடியம்களுக்கு வருகிறேன். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதை மாணவர்களிடம் தடுக்காதீர்கள். அவர்கள் படத்தை முதலில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலப் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறோம், அவர்கள் ஒரே சூட்டில் இரண்டு முயல் சுடுகிறார்கள், ஆங்கிலத்தில் இரண்டு பறவை. பார்க்காமல் வாங்குவது அவர்களுக்குச் சாக்குக்குள் பூனை, ஆங்கிலத்தில் சாக்குக்குள் பன்றி, 'பிக் இன் எ போக்'. அற்ப விஷயத்தைப் பெரிதாக்குவது அவர்களுக்கு ஈயை யானையாக்குவது, ஆங்கிலத்துக்கு அகழெலி தோண்டிய மண்மேட்டை மலையாக்குவது. இந்த வகை இரண்டு நிமிட வேலை.

நேரம் எடுக்கவேண்டியது, பொருள் கொஞ்சம் விலகும் தொடர்களுக்கு. காதில் மக்ரோனியைத் தொங்கவிடுவது என்றால் லிதுவேனியத்தில் புளுகி ஏமாற்றுவது. அதற்கு நேராக 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்று எழுதிவிடுவார்கள். அது விளையாட்டுக்குக் கலாய்ப்பது, அதில் ஏமாற்றும் எண்ணம் இல்லை. 'டேக் சம்ஒன் இன்' அல்லது 'லீட் சம்ஒன் ஆன்' கொடுங்கள், உங்கள் ஃப்ரேசல் வெர்ப் பாடமும் கூடவே நடந்துவிடும். மழை வாளியால் ஊற்றுகிறது என்பார்கள். 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வேண்டாம், இப்போது பேச்சில் அதிகம் வராது. பிரிட்டிஷ் வழக்கில் 'இட்ஸ் பக்கெட்டிங் டவுன்' என்றே இருக்கிறது, வாளியும் அப்படியே கிடைக்கிறது.

'என் பன்றியும் அல்ல, என் அவரையும் அல்ல' என்று ஒன்று சொல்வார்கள், எனக்குச் சம்பந்தமில்லை என்ற பொருளில். ஆங்கிலத்தில் 'நாட் மை சர்க்கஸ், நாட் மை மங்கீஸ்' என்று இப்போது புழங்குவது போலிஷ் மொழியிலிருந்து வந்தது. நண்பர்களோடு பேச அது போதும். அலுவலகத்தில் 'இட்ஸ் நத்திங் டு டூ வித் மீ' பாதுகாப்பானது.

கடைசியாக ஒன்று. லிதுவேனியத்தில் 'எ', 'த' போன்ற சொற்களே இல்லை. இடியத்துக்குள்ளே அவை உதிர்ந்துபோகும்: 'இட்ஸ் பீஸ் ஆஃப் கேக்' என்பார்கள். எழுதும்போது 'எ பீஸ்' என்பதை ஒரே சொல்லாக ஒட்டி எழுதவைத்து, அப்படியே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.